ஹம்பி – திவ்யா இறுதிப் போட்டியில் 2 ஆட்டமும் டிரா, அப்புறம் எப்படி வெற்றி?

2025 ஜூலையில் ஜார்ஜியாவின் பதுமியில் கோனேரு ஹம்பியும் திவ்யா தேஷ்முக்கும் மோதிய மகளிர் செஸ் உலகக் கோப்பை இறுதிப் போட்டியைத்தானே கேட்கிறீர்கள். டிரா ஆனது கிளாசிக்கல் ஆட்டங்கள் இரண்டு மட்டும்தான். அதில் ஆளுக்கு 90 நிமிடம், 40 நகர்த்தலுக்குப் பிறகு இன்னும் 30 நிமிடம் என்று நிதானமாக யோசிக்கலாம்.

சமநிலை என்றால் மறுநாள் டைபிரேக், அதாவது வெற்றியாளரை முடிவு செய்ய ரேபிட் எனும் வேகமான ஆட்டங்கள். ஆளுக்கு 15 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 வினாடி கூடுதல். இங்கேதான் கதை மாறுகிறது, ஏனென்றால் கடிகாரத்தில் சில வினாடிகளே இருக்கும்போது சரியான நகர்த்தலைத் தேட நேரம் இருக்காது, கை பழக்கத்தில் போகும், எவ்வளவு அனுபவம் இருந்தாலும் தவறு வரும். முதல் ரேபிட் ஆட்டமும் டிரா. இரண்டாவதில் நேர நெருக்கடியில் ஹம்பி தவறு செய்ய, கறுப்புக் காய்களோடு ஆடிய திவ்யா ஜெயித்தார். டிராவுக்கு ஆளுக்கு அரைப் புள்ளி, வெற்றிக்கு ஒன்று என்பதால் மொத்தம் 2.5–1.5.

ஹம்பி ரேபிடில் இரண்டு முறை உலக சாம்பியன் என்பதால், டைபிரேக் அவருக்குத்தான் சாதகம் என்று நானும் நினைத்திருந்தேன். சரி, இன்னொன்று: ஹம்பி செஸ்ஸின் உயரிய பட்டமான கிராண்ட்மாஸ்டர் பெற்ற 2002இல் திவ்யா பிறக்கவே இல்லை, இந்த வெற்றியோடு அவருக்கும் அந்தப் பட்டம் நேரடியாகக் கிடைத்துவிட்டது.