கார் கேள்வி-பதில்: உப்புக் காற்று, வெள்ளத் தண்ணீர், மலை இறக்கம்

கார் வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. வீடு கடலிலிருந்து அரை கிலோமீட்டர். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கிறது. கதவின் அடி விளிம்பில் மட்டும் சின்னச் சின்னதாகக் கொப்புளம். அதன் மேல் டச்-அப் பெயின்ட் அடித்தால் போதுமா? (ராமேஸ்வரம் வாசகர்)

போதாது. கொப்புளம் வெளியே தெரிகிறது என்றால் துரு உள்ளேயிருந்து தகட்டைத் தின்றுகொண்டு வருகிறது என்று பொருள். வெளியே கல் பட்டு வரும் துரு வேறு மாதிரி: முதலில் கீறல், அதைச் சுற்றிப் பழுப்புக் கறை. உங்களுடையது அது அல்ல.

கதவுக்குள் மழைத் தண்ணீர் போவது இயல்பு. கண்ணாடியை ஒட்டியிருக்கும் ரப்பர் முழுத் தண்ணீரையும் தடுக்காது, தடுக்கவேண்டும் என்று அதைச் செய்யவும் இல்லை. உள்ளே போகும் தண்ணீர் வடிவதற்காகக் கதவின் அடியில் இரண்டு மூன்று ஓட்டைகள் விட்டிருப்பார்கள். தீவுப் பக்கம் மணலும் உப்புத் தூசியும் சேர்ந்து அவற்றை அடைத்துவிடும். பிறகு அடி மடிப்பில் உப்புத் தண்ணீர் தேங்கியே கிடக்கும். கதவைத் திறந்து அடி விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், ஓட்டைகள் கிடைக்கும். பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்றை விட்டுக் குடையுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், ஓட்டையின் ஓரத்துப் பெயின்ட்டைச் சுரண்டி அங்கே புதிதாகத் துருவைத் தொடங்கி வைத்துவிடும். பிறகு கண்ணாடி ஓரமாக ஒரு குவளை நல்ல தண்ணீர் விட்டு, அடியில் தடையில்லாமல் வடிகிறதா பாருங்கள்.

இனி கொப்புளம். சுற்றிலும் ஓர் அங்குலம் கூடுதலாக எடுத்து, 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்க்க வேண்டும். குழிகளுக்குள் மிஞ்சும் கறுப்புப் புள்ளிகளுக்கு ரஸ்ட் கன்வர்ட்டர் (மிஞ்சிய துருவை மேலும் பரவாமல் மாற்றும் திரவம்) தடவி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காயவிட வேண்டும். அதன்மேல் எபாக்சி ப்ரைமர் இரண்டு கோட். பிறகுதான் தேவையென்றால் பட்டி, கடைசியில் கலரும் கிளியர் கோட்டும். பல டிங்கரிங் கடைகளில் வெறும் தகட்டின் மேலேயே பட்டி போடுகிறார்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும், அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே இடத்தில் கொப்புளம் வரும். "ப்ரைமருக்கு மேலேதான் பட்டி" என்று கறாராகச் சொல்லிவிடுங்கள். இன்னொன்று: தேய்த்த அன்றே ப்ரைமர் விழ வேண்டும். உங்கள் ஊர்க் காற்றில் வெறும் தகடு ஒரு ராத்திரி கிடந்தால் காலையில் செம்மண் பூசியதுபோல் இருக்கும்.

தேய்க்கும்போது ஓட்டை விழுந்தால் பட்டியால் மூடக் கூடாது. அந்தப் பகுதியை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். வெளி வேலை முடிந்ததும் கதவின் உள்பக்கம் கேவிட்டி வாக்ஸ் (துருவைத் தடுக்கும் மெழுகு) அடிக்கச் சொல்லுங்கள். நீளக் குழாயோடு ஸ்பிரே டப்பாவாகக் கிடைக்கிறது. அது மடிப்புக்குள் ஊறிப் போய் நிற்கும். அடித்த பிறகு வடிகால் ஓட்டைகள் அடைபடவில்லையே என்று மறுபடி பார்ப்பது முக்கியம்.

புதுக் கார் எடுத்தேன். அண்டர்பாடி கோட்டிங் போடச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். பழைய டிரைவர் ஒருவர், வாட்டர் வாஷ் செய்துவிட்டு டீசல் அடித்தாலே போதும் என்கிறார். துருவைத் தடுக்கும் எலெக்ட்ரானிக் கருவி ஒன்றும் விற்கிறார்களே? (தூத்துக்குடி வாசகர்)

மூன்றில் கடைசியை முதலில் தள்ளிவிடலாம். மின்சாரம் கொடுத்துத் துருவைத் தடுக்கும் முறை உண்மையானதுதான். கப்பலின் அடிப்பாகத்திலும் பூமிக்குள் போகும் பைப்லைனிலும் அது வேலை செய்கிறது. காரணம், அவை எப்போதும் தண்ணீரிலோ ஈர மண்ணிலோ முழுகிக் கிடக்கின்றன, மின்சுற்று முழுமையாகிறது. கார் காற்றில் நிற்கிறது. அங்கே அந்தக் கருவியால் பயனில்லை.

டீசல் அடிப்பது பழைய அம்பாசிடர் காலத்துப் பழக்கம். இரண்டு நாள் மினுமினுக்கும், பிறகு தூசியை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். அந்தத் தூசி ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதைவிட மோசம், சஸ்பென்ஷன் புஷ் போன்ற ரப்பர் பாகங்கள் டீசல் பட்டு ஊதிப்போகும். விட்டுவிடுங்கள்.

அண்டர்பாடி கோட்டிங் கெட்டதல்ல. கல் தெறிப்பதிலிருந்து காக்கும். ஆனால் அழுக்கின் மேலோ ஈரத்தின் மேலோ அடித்தால், உள்ளே உப்பைப் பூட்டி வைத்த மாதிரி. மேலே கறுப்பாக முழுசாகத் தெரியும், அடியில் தகடு பொரிந்துகொண்டிருக்கும். ஆகவே கடையில் கேட்கவேண்டியது விலையை மட்டுமல்ல. அடியைக் கழுவிய பிறகு முழுக்கக் காயவிடுகிறார்களா? சக்கரங்களைக் கழற்றுகிறார்களா? பிரேக், சைலென்சர், சென்சார், வடிகால் ஓட்டை எல்லாவற்றையும் மறைத்துவிட்டு அடிக்கிறார்களா? ஒரு மணி நேரத்தில் வண்டியைத் தந்துவிடுவோம் என்றால் வேண்டாம்.

எங்களைக் கேட்டால், கதவுக்குக் கீழே நீளமாகப் போகும் பெட்டி போன்ற பகுதிக்குள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கேவிட்டி வாக்ஸ் அடிப்பதுதான் கடலோரக் காருக்கு நல்ல முதலீடு. கூடவே வாரம் ஒருமுறை மட்கார்டுக்கு உள்பக்கமும் அடியிலும் நல்ல தண்ணீர் பீய்ச்சுங்கள். போர்வெல் தண்ணீர் உப்புக் கரித்தால் அதனால் கழுவுவதில் அர்த்தமில்லை. கடற்கரை மணலில் வண்டி ஓடினால் அன்றைக்கே கழுவிவிட வேண்டும். காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவதைவிடத் திறந்தே நிறுத்துவது மேல்.

மழை வெள்ளத்தில் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் நின்ற கார் சீட் வரை முழுகிவிட்டது. தண்ணீர் வடிந்துவிட்டது. செல்ஃப் அடித்துப் பார்க்கலாமா? (வேளச்சேரி வாசகர்)

கூடவே கூடாது. சாவியை ஆன் நிலைக்குக்கூடத் திருப்பாதீர்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களுக்குப் பிறகு சென்னை ஒர்க்ஷாப்களில் பிரித்துப் போட்ட இன்ஜின்களில் பல, தண்ணீரால் மட்டும் கெட்டவை அல்ல. தண்ணீர் வடிந்த பிறகு "ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம்" என்று அடித்த செல்ஃபால் கெட்டவை. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளையும். சில நேரம் உடைந்து இன்ஜின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

செய்ய வேண்டியவை. தண்ணீர் எதுவரை ஏறியது என்று தெரியும்படி உள்ளும் புறமும் போட்டோ எடுங்கள், சேற்றுக் கோடு அழிவதற்குள். போனட்டைத் திறந்து பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். வண்டியைக் கட்டி இழுக்காமல், மேலே ஏற்றிக்கொண்டு போகும் டோ வண்டியைக் கூப்பிடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு இது கட்டாயம். எலெக்ட்ரிக் அல்லது ஹைப்ரிட் கார் என்றால் நீங்கள் கை வைக்கவே வேண்டாம், ஆரஞ்சு நிற கேபிள் பக்கமே போகாதீர்கள்.

ஒர்க்ஷாப்பில் முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்ப்பார்கள். அது நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்குகளை (டீசல் என்றால் இன்ஜெக்டர் அல்லது க்ளோ பிளக்கை) கழற்றிவிட்டு இன்ஜினைச் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயிலையும் மாற்றச் சொல்லுங்கள், அதன் காற்றுத் துளை வழியாகவும் தண்ணீர் போகும். பிரேக் ஆயிலும் அப்படியே.

எல்லோரும் மறப்பது தரைவிரிப்பு. மேலே காய்ந்திருக்கும், அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். சீட்டைக் கழற்றி, விரிப்பை முழுசாக வெளியே எடுத்து வெயிலில் போட வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் ஃப்ளோர் துருப்பிடிக்கும். சீட்டுக்கு அடியில் ஓடும் வயரிங் கனெக்டர்களில் பச்சைப் பூஞ்சை போலப் படியும். ஏர்பேக் விளக்கு எரிவது, ஜன்னல் தானாக இறங்குவது போன்ற பேய்க்கூத்தெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

பாலிசி விஷயம்: முழு இன்ஷூரன்ஸில் வெள்ளச் சேதம் அடங்கும். ஆனால் தண்ணீர் புகுந்த இன்ஜினை இயக்கியதால் வந்த சேதத்தைத் தனியாகப் பார்ப்பார்கள். இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பு இல்லாதவர்களுக்கு அந்தச் செலவு பெரும்பாலும் கையிலிருந்துதான்.

வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்கும்போது கருகல் வாசனை வந்து பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போனது. பிரேக் ஃபெயிலியரா? (திருப்பூர் வாசகர்)

அதற்கு ஒரு படி முன்பு. 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் காலை பிரேக்கிலேயே வைத்து இறங்கியிருப்பீர்கள். கருகல் வாசனை பிரேக் பேடு. மெத்தென்று போனது பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி விட்டதால். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த அளவு 140. டாட் 4-க்கு இது 230, 155. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறோம். ஈரம் ஏறிய ஆயில் வீல் சிலிண்டரை உள்ளிருந்து துருப்பிடிக்கவும் வைக்கும்.

ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ அதே கியரில், பெரும்பாலும் இரண்டாவதில், இறங்க வேண்டும். பிரேக்கை உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். லேசாக அழுத்திக்கொண்டே வருவதுதான் சூட்டை ஏற்றும். நியூட்ரலில் இறங்கி பெட்ரோல் மிச்சம் பிடிப்பது தற்கொலைக்குச் சமம். வாசனை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். டிஸ்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிப்போகும்.

பெடல் தரைவரை போய்விட்டால்: விட்டு விட்டு வேகமாக மிதியுங்கள், கொஞ்சம் அழுத்தம் திரும்பும். ஒவ்வொரு கியராகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மெல்ல மெல்ல இழுங்கள், ஒரேயடியாக இழுத்தால் பின்பக்கம் சுழலும். ஸ்விட்ச் வகை என்றால் அதை விடாமல் இழுத்துப் பிடியுங்கள். இன்ஜினை அணைக்காதீர்கள், பவர் ஸ்டீயரிங் போய்விடும். வேறு வழியே இல்லையென்றால் பள்ளத்தின் பக்கம் அல்ல, மலைப் பக்கச் சுவரில் உரசி நிறுத்துங்கள்.

டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனால்? (விழுப்புரம் வாசகர்)

ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் ஃபேனை முழு வேகத்திலும் வைத்து ஓரம் கட்டுங்கள். ஹீட்டரில் சூடான காற்று வராமல் குளிர்ந்த காற்று வந்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) தீர்ந்துவிட்டது, உடனே இன்ஜினை நிறுத்துங்கள். மேல் ரேடியேட்டர் ஹோஸ் கையால் அமுக்கினால் அமுங்கும்வரை மூடியைத் தொடாதீர்கள். நம் ஊரில் தண்ணீர் உறையாது, கூலன்ட் எதற்கு என்று வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றுபவர்கள் நிறைய. உறைவதைத் தடுப்பது அதன் பாதி வேலைதான், மறு பாதி அலுமினியம் ஹெட்டையும் ரேடியேட்டரையும் அரிப்பிலிருந்து காப்பது. அவசரத்துக்கு வாட்டர் பாட்டில் ஊற்றலாம். வீடு வந்ததும் வடித்துவிட்டு, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து நிரப்புங்கள். ரெடி மிக்ஸ் என்று போட்டிருந்தால் தண்ணீர் சேர்க்க வேண்டாம்.

பேட்டரி டவுன். இன்னொரு காரிலிருந்து வயர் கொடுப்பது எந்த வரிசையில்? (மதுரை வாசகி)

சிவப்பு வயரை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில், அதன் மறுமுனையைச் செத்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். பேட்டரி மேலே மாட்டினால் தீப்பொறியும் ஹைட்ரஜன் வாயுவும் சந்தித்துவிடும். கழற்றும்போது தலைகீழ் வரிசை. ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரவில்லையென்றால் கோளாறு பேட்டரியில் அல்ல, ஆல்டர்னேட்டரில் தேடுங்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வயரைக் கழற்றி, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, காய்ந்ததும் வாசலைன் பூசுங்கள்.

ஹைவேயில் பஞ்சர். நட்டெல்லாம் கழன்றுவிட்டது, சக்கரம் மட்டும் ஹப்பை (சக்கரம் மாட்டியிருக்கும் நடுப்பகுதியை) விட்டு வரவில்லை. (நாகப்பட்டினம் வாசகர்)

ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் துரு. ஜாக்கியில் நிற்கும் வண்டியை உதைத்து ஆட்டாதீர்கள், சரிந்துவிடும். நட்டுகளைத் திரும்பவும் கையால் மாட்டி ஒரு சுற்றுத் தளர்வாக விட்டு, ஜாக்கியை இறக்கி, வண்டியை இரண்டடி முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தி பிரேக் பிடியுங்கள். பெரும்பாலும் 'டக்'கென்று விட்டுவிடும். ஸ்டெப்னி மாட்டும் முன் ஹப்பைக் கம்பிப் பிரஷ்ஷால் தேயுங்கள். நட்டு மரையில் ஆயிலோ கிரீஸோ வேண்டாம், தேவைக்குமேல் இறுகி போல்ட் நீண்டுவிடும். எதிரெதிராக இறுக்கி, 50 கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். இடம் பாதுகாப்பில்லை, லாரிகள் உரசிப் போகின்றன என்றால் இதில் எதையும் செய்யாமல் எல்லோரும் தடுப்புக்கு அப்பால் போய் நின்று, தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐக் கூப்பிடுங்கள்.