அமேசான் அழிந்தால் ஆக்சிஜன் தீர்ந்துவிடுமா?

கேள்வி: உலகின் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அமேசான் காடுதான் தருகிறது என்று படித்தேன். அந்தக் காடு அழிந்துபோனால் நாம் மூச்சுவிட முடியாமல் போய்விடுமா?
– வாசகி, தேனி

பதில்: மூச்சைப் பற்றிய அச்சம் வேண்டாம், காட்டைப் பற்றிய உங்கள் கவலை மட்டும் முற்றிலும் நியாயமானது. பகலில் இலைகள் வெளியிடும் ஆக்சிஜனை, அதே மரங்களின் சுவாசமும், உதிர்ந்த சருகையும் சாய்ந்த மரத்தையும் மட்கச் செய்யும் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் ஏறக்குறைய முழுவதுமாகச் செலவழித்துவிடுகின்றன. முதிர்ந்த காடு எதுவாயினும் அதன் வரவும் செலவும் கிட்டத்தட்டச் சமம்தான்.

அப்படியானால் காற்றில் 21 சதவீத ஆக்சிஜன் எப்படிச் சேர்ந்தது? மட்காமல் புதைந்தவற்றால் சேர்ந்தது. இறந்த உயிரிகளில் மிகச் சிறு பகுதி கடலடிச் சேற்றில் புதையும்போது, அதை மட்கச் செய்யச் செலவாகியிருக்க வேண்டிய ஆக்சிஜன் மிச்சமாகிறது. இந்த வேலையைத் தொடங்கி வைத்தவை மரங்கள் அல்ல, கண்ணுக்குத் தெரியாத சயனோபாக்டீரியாக்கள். அவை வெளியிட்ட ஆக்சிஜனைத் தொடக்கத்தில் கடல்நீரில் கரைந்திருந்த இரும்பு பிடித்துக்கொண்டு துருவாகப் படிந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹேமர்ஸ்லி மலைத்தொடரில் இன்று வெட்டியெடுக்கப்படும் இரும்புத் தாது, அப்படிப் படிந்த செந்நிறப் பட்டைப் பாறைகளிலிருந்து வருவதே. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் ஆக்சிஜன் காற்றில் நிலையாகத் தங்கத் தொடங்கியது. அது அன்றைய நுண்ணுயிர்கள் பலவற்றுக்கு நஞ்சாக அமைந்தது; அத்தகைய உயிர்கள் இன்றும் நெல்வயலின் சேற்றிலும் மாட்டின் இரைப்பையிலும், ஆக்சிஜன் எட்டாத இடம் பார்த்து, மீத்தேனை வெளியிட்டபடி வாழ்கின்றன. அதே ஆக்சிஜனிலிருந்துதான் ஓசோன் படலம் உருவாகி, கடுமையான புறஊதாக் கதிர்களைத் தடுத்தது. உயிர் காற்றை மாற்ற, மாறிய காற்று எந்த உயிர் எங்கே வாழலாம் என்பதை மாற்றியது.

இவ்வளவு நீண்ட காலச் சேமிப்பு என்பதால், இன்றுள்ள தாவரங்கள் அனைத்தும் எரிந்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனில் ஒரு சதவீதம்கூடக் குறையாது. கார்பன் டை ஆக்சைடின் கதை வேறு. காற்றில் அது சுமார் 0.04 சதவீதம் மட்டுமே இருப்பதால், சிறிது கூடினாலும் பெரிய மாற்றம்தான். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்காக இருந்தது, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இந்த நிலையில், பல ஆயிரம் கோடி டன் கரிமத்தை மரங்களில் தேக்கி வைத்திருக்கும் அமேசானை எரிப்பது அந்த ஏற்றத்தை மேலும் விரைவுபடுத்தும்.

மழையும் இதில் அடங்கும். அமேசான் மரங்கள் வேரால் உறிஞ்சிய நீரை இலைகளின் வழியே ஆவியாக விடுவதால், அட்லாண்டிக் கடலிலிருந்து வந்த ஈரம் மேற்கு நோக்கிச் செல்லும் வழியில் மீண்டும் மீண்டும் மழையாகப் பெய்கிறது. அதில் ஒரு பகுதி ஆண்டீஸ் மலைகளால் திரும்பித் தெற்கே பிரேசிலின் விளைநிலங்கள்வரை போய்ச் சேர்கிறது. காடு அழிந்தால் அங்குள்ள உழவர்கள் முதலில் இழக்கப்போவது ஆக்சிஜனை அன்று, இந்த மழையைத்தான்.