அவள் காதோரக் கறுப்பை நான்தான் துடைத்துவிட்டேன்

வணக்கம் அக்கா,

எனக்கு 29 வயது. பினாங்கு மாநிலத்துப் பிறையில் அம்மாவோடு இருக்கிறேன், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. போன மாதம் எங்கள் ஆண்டு விருந்து, தலைப்பு ‘பாலிவுட் இரவு’. என் தோழி ஒருத்தி, சீனப் பெண், ஐந்து வருடமாக மதியச் சாப்பாடு அவளோடுதான், தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தால் அம்மாவோடு உட்கார்ந்து முறுக்குகூடப் பிழிவாள். அவள் புடவை கட்டி, முகம் கழுத்து கையெல்லாம் கறுப்பு பூசி, தலையை ஆட்டிக்கொண்டே வந்து என் தோளில் கை போட்டு, “இன்னிக்கு நான்தான் நீ” என்று மலாயில் சொன்னாள். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன் அக்கா. சிறந்த உடைக்கான பரிசும் அவளுக்கே கிடைத்தது, கைதட்டினேன்.

அப்புறம் கழிவறையில் ஈரத்தாளால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள், காதுக்குப் பின்னால் எட்டவில்லை, கொஞ்சம் துடைத்துவிடேன் என்றாள். துடைத்துவிட்டேன். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தபோதுதான் நெஞ்சு அடைத்தது.

வீட்டில் அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். “அவ்வளவு பூசியும் உன் நிறத்துக்கு வரலையே” என்று சிரித்தார். சின்ன வயதில் ‘கரிச்சட்டி’ என்று கூப்பிட்டதும் என் சொந்தங்கள்தான். இப்போது அவளோடு சாப்பிடப் பிடிக்கவில்லை. ஏதாவது சொன்னால் “குராவ் ஜா லா”, விளையாட்டுதானே, என்பாள். நான்தான் அன்றைக்குச் சிரித்தேனே, இப்போது எந்த முகத்தோடு கேட்பது?

— பிறை வாசகி

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்தச் சிரிப்பைப் பற்றி. கூடம் நிறைய ஆட்கள், மறுநாளும் அவர்களோடுதான் வேலை, அவமானப்படுத்தியவளோ பிரியமான தோழி. அந்த மாதிரி நேரத்தில் மூளை யோசித்து முடிக்கும் முன்னே உடம்பு ஒரு வழியைத் தேடிக்கொள்ளும். சிலர் கத்துவார்கள், சிலர் உறைந்துபோவார்கள், நிறையப் பேர் சிரித்துவிடுவார்கள், அதிலும் ‘சண்டை போடாதே, நல்ல பெண்ணாக இரு’ என்று கேட்டே வளர்ந்த நம் பெண்கள். அதைச் சம்மதம் என்று நீங்களே உங்களுக்கு எதிராக எழுதிவைத்துக்கொள்ள வேண்டாம். கோபம் கழிவறையில் வந்தது, கொஞ்சம் தாமதமாக, அவ்வளவுதான். அதைக் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது.

நீங்கள் சின்ன விஷயத்துக்கெல்லாம் புண்படுகிறீர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கறுப்பு பூசிச் சிரிக்கவைப்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1830-களில் அமெரிக்காவில் வெள்ளைக்கார நடிகர்கள் கருக்கிய தக்கையை முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பின மக்களை மூடர்களாக ஆடிக்காட்டிப் பிழைத்தார்கள். அதில் பேர்போன ‘ஜிம் குரோ’ என்ற வேடத்தின் பெயரே பின்னாளில் நிறம் பார்த்து மக்களைப் பிரித்த சட்டங்களுக்கும் ஒட்டிக்கொண்டது. அது அவர்கள் கதை, உங்கள் தோழிக்குத் தெரியாமலே இருக்கலாம். ஆனால் இங்கே மலேசியாவிலும் 2017-இல் ஒரு நோன்புப் பெருநாள் விளம்பரத்தில் நடிகைக்குக் கறுப்பு பூசி, கறுப்பு போனதும் அவள் அழகியாவதாகக் காட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் மன்னிப்புக் கேட்டு நீக்கினார்கள்.

அவளிடம் பேசுங்கள், ஆனால் அலுவலகத்தில் வேண்டாம், குழு வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். இருவர் மட்டும் ஒரு டீ குடிக்கும்போது, வரலாற்றுப் பாடமெல்லாம் எடுக்காமல், நடந்ததை மட்டும் சொன்னால் போதும்: “நீ என்னிடம் ‘இன்னிக்கு நான்தான் நீ’ என்று சொன்னாய், எல்லாரும் சிரித்தார்கள், உன் காதோரத்தை நான் துடைத்துவிட்டேன், அன்றிலிருந்து எனக்கு வலிக்கிறது.” குராவ் ஜா என்றால், “உனக்கு விளையாட்டு, எனக்கு வலித்தது” என்று ஒருமுறை சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள், வாதாட வேண்டாம். முறுக்கு பிழிய உட்காரும் பெண் கேட்டுக்கொள்வாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கேட்காவிட்டால், மதியச் சாப்பாட்டை வேறு ஆளோடு சாப்பிடலாம், அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் வலித்தது அம்மா சொன்ன அந்த ஒரு வரி. 1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியல் தம்பதி, நிறம் மட்டும் மாறிய பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகள் முன்னால் வைத்து எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். உன்னைப் போல இருப்பது எது என்று கேட்டபோது சிலர் அழுதே விட்டார்கள். கறுப்பு மட்டம் என்ற எண்ணம் அந்தப் பிள்ளைகளுக்குள் போனது போலத்தான் ‘கரிச்சட்டி’யும் உங்களுக்குள் போயிருக்கிறது. தோழி அதே புண்ணில் கை வைத்துவிட்டாள், அதனால்தான் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. இதனால் தூக்கமோ பசியோ கெட்டு, அது சில வாரம் நீடித்தால் நேரில் ஒரு ஆலோசகரைப் பாருங்கள்.

அம்மாவிடம் சண்டைக்குப் போக வேண்டாம். சமையலறையில் தேங்காய் துருவும்போது சும்மா கேளுங்கள், “அம்மா, உங்களைச் சின்ன வயசுல என்ன சொல்லிக் கூப்பிட்டாங்க?” என்று. பதில் சொல்லாமல் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடலாம். போகட்டும், இன்னொரு நாள் மறுபடி கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா