டிரான்ஸ்ஃபர்மேஷன், கன்வர்ஷன், டிரான்ஸிஷன், மெட்டமார்ஃபசிஸ்: என்ன வேறுபாடு?

நான்கையும் 'மாற்றம்' என்றே எழுதிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது.

டிரான்ஸ்ஃபர்மேஷன் என்பது வடிவமோ தன்மையோ அடியோடு மாறுவது. லத்தீனில் 'டிரான்ஸ்' கடந்து, 'ஃபார்மா' வடிவம். சட்டைப் பொத்தானை மாற்றுவதற்கு இந்தச் சொல் பொருந்தாது. அது வெறும் சேஞ்ச், அல்லது ஆல்ட்டரேஷன்.

பயன்பாட்டுக்காக ஒன்றை இன்னொரு வகைக்கு மாற்றுவது கன்வர்ஷன்: மைலைக் கிலோமீட்டராக்குவது, மதம் மாறுவது. டிரான்ஸிஷன் ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடைக்காலம். அங்கே முடிவைவிட வழிதான் முக்கியம்.

மெட்டமார்ஃபசிஸ் கிரேக்கச் சொல். உயிரியலில் இதன் பொருள் மிகத் திட்டவட்டமானது. வண்ணத்துப்பூச்சிக்கு முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என 4 நிலைகள். அது முழு உருமாற்றம். வெட்டுக்கிளிக்குக் கூட்டுப்புழு நிலையே இல்லை, ஆகவே 3 நிலைதான். அதே உயிரியலில் டிரான்ஸ்ஃபர்மேஷன் வேறொன்று: பாக்டீரியா வெளியிலுள்ள டிஎன்ஏவை உள்வாங்கித் தன் பண்பை மாற்றிக்கொள்வது. பிரிட்டிஷ் ஆய்வாளர் கிரிஃபித் 1928இல் நிமோனியா பாக்டீரியாவில் இந்தப் பண்பு மாற்றத்தைக் காட்டினார். இரண்டையும் 'உருமாற்றம்' என்றே எழுதினால் மாணவர் நிச்சயம் தடுமாறுவார்.

டிரான்ஸ்ஃபார்மரும் இதே குடும்பம். மின்சாரத்தின் 230 வோல்ட்டை, எடுத்துக்காட்டாக, 12 ஆகக் குறைக்கும். 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் மாறாது. ஏசியை (மாறுதிசை மின்னோட்டத்தை) டிசி (நேர்திசை மின்னோட்டம்) ஆக்குவது அதன் வேலையல்ல, ரெக்டிஃபையருடையது.