மார்ச் மாதப் பாரிஸ்: பெட்டியில் என்ன வைப்பது?

மார்ச் பிற்பாதியில் பாரிஸ் போகிறவர்கள் கேட்டவற்றுக்கு, தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: மார்ச் 20 வாக்கில் போகிறோம். வசந்தம் பிறந்துவிடும் என்கிறார்கள். அப்படியும் குளிருமா?

நமக்குக் குளிரும். பகலில் 12, 13 டிகிரி, விடியற்காலையில் 5, 6 டிகிரி என்பது சராசரி. ஆனால் சராசரியை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள். 18 டிகிரி வெயில் அடிக்கிற நாளும் வரும், 9 டிகிரியைத் தாண்டாத நாளும் வரும். மார்ச்சுக்கே உரிய மழை ஒன்றும் உண்டு, அங்கே 'ஜிபூலே' என்பார்கள். நல்ல வெயிலில் நடந்துகொண்டிருப்பீர்கள், திடீரென்று சடசடவெனக் கொட்டும், சில சமயம் ஆலங்கட்டியும் விழும். கொஞ்ச நேரத்தில் மறுபடி வெயில். மேலே குளிர்காலத்துக் காற்று இன்னும் இருக்க, கீழே தரை வெயிலில் சூடாகத் தொடங்குவதால் இப்படி ஆகிறது. காலையில் வானம் தெளிவாக இருக்கிறதே என்று மழைக்கோட்டை அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: நண்பரிடம் தடிமனான பனிக்கோட்டு ஒன்று இருக்கிறது. அதை மட்டும் வாங்கிக்கொண்டு போனால் போதுமா?

வேண்டாம். அருங்காட்சியகம், உணவகம், கடை எல்லாவற்றிலும் ஹீட்டர் ஓடும், மெட்ரோவிலும் கதகதப்பாக இருக்கும். நாள் முழுக்க அந்தக் கோட்டைக் கையில் சுமப்பீர்கள். அதைவிட மூன்று அடுக்கு நல்லது: உடம்போடு ஒட்டிய மெல்லிய தெர்மல், அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத, தலைமூடி வைத்த ஜாக்கெட். சூடு ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். கழுத்துக்கு மஃப்ளர் கட்டாயம். ஈஃபில் கோபுரத்தின் உச்சியிலும் சேன் நதிப் படகின் மேல்தளத்திலும் காற்று பலமாக வீசும், அங்கே மெல்லிய கையுறை இருந்தால் நிம்மதி.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. புடவை தவிர வேறெதுவும் உடுத்த மாட்டார். என்ன செய்வது?

புடவையிலேயே வரட்டும், தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள். பாவாடைக்குள் தெர்மல் லெக்கிங்ஸ், ரவிக்கைக்கு அடியில் முழுக்கைத் தெர்மல், முந்தானையை உள்ளே விட்டு மேலே நீளமான கோட்டு. கம்பளிக் காலுறையும் மூடிய ஷூவும் வேண்டும், செருப்பு சரிப்படாது. கணுக்காலுக்குச் சற்று மேலே கட்டினால் ஓரம் ஈரமாகாது, படியிலும் தடுக்காது. படி என்றதும் ஒன்று: பழைய மெட்ரோ நிலையங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. 14ஆம் எண் தடத்தில் எல்லா நிலையங்களிலும் உண்டு. மற்ற இடங்களுக்கு அம்மாவைப் பேருந்தில் கூட்டிப்போங்கள். தாழ்தளப் பேருந்து என்பதால் ஏற எளிது, ஊரையும் பார்த்துக்கொண்டே போகலாம்.

கேள்வி: பயணத்துக்காகப் புது ஷூ வாங்கலாமா?

வாங்கினால் இப்போதே வாங்கி, கிளம்பும்வரை தினமும் போட்டு நடந்து பழக்குங்கள். மொன்மார்த்ர் குன்றுப் பகுதியில் கல் பாவிய ஏற்றத் தெருக்கள், துய்லெரி தோட்டத்தில் மழை பெய்தால் சேறாகிற பாதைகள்.

கேள்வி: நெய், பால்கோவா, பொடி எல்லாம் கொண்டுபோகலாமா?

பொடி, ஊறுகாய் சரி. நெய்யும் பால்கோவாவும் கூடாது, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். அங்கேயே லா ஷபேல் பகுதியில், வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அரிசி முதல் அப்பளம் வரை கிடைக்கும்.

கேள்வி: மாதக் கடைசி ஞாயிறு காலையில் எங்களுக்கு ரயில். கவனிக்க ஏதாவது உண்டா?

கட்டாயம் உண்டு. அன்று அங்கே கோடைகால நேரம் தொடங்குகிறது, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அதனால் அதிகாலை 2 மணி 3 மணியாகிவிடும். கைபேசி தானே மாறிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாறாது. முந்தின இரவே ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டுப் படுங்கள். அன்றிலிருந்து இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

கேள்வி: நம் ஊர் சார்ஜர் பொருந்துமா?

மெல்லிய இரண்டு முள் இருந்தால் அப்படியே பொருந்தும். மூன்று முள்ளுக்கு அடாப்டர் வேண்டும். மின்னழுத்தம் இங்கே போலவே 230 வோல்ட்தான்.