முதல் நாவலோடு நிற்பவர்களுக்கு: கேள்வி பதில்

கே: என் நாவலைப் போட ஒரு பதிப்பகம் 40,000 ரூபாய் கேட்கிறது. கொடுக்கலாமா?

வேண்டாம். முழுச் செலவையும் முன்பே உங்களிடம் வாங்கிவிட்டவருக்கு அதற்குப் பிறகு புத்தகம் விற்றே ஆக வேண்டிய அவசரம் இல்லை. கட்டுகள் உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில்தான் வந்து சேரும்.

கே: அண்ணா, ஒப்பந்தத்தில் "அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே" என்று இருக்கிறது. எத்தனை வருடம் என்று போடவில்லை.

கையெழுத்துப் போடாதீர்கள் தம்பி. அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் தனித்தனி உரிமைகள், அந்த ஒற்றை வரியில் அத்தனையும் போய்விடும். அச்சுரிமையை மட்டும், அதுவும் மூன்று வருடத்துக்கு என்று எழுதச் சொல்லுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு நமக்குத் துணை நிற்கிறது: காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அதுவும் காலாவதி. ஆனால் "என்றென்றைக்கும்" என்று எழுதி நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்தக் காப்பு உதவாது. படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கே: புத்தகத்துக்கான அடையாள எண், அதுதான் ஐஎஸ்பிஎன், அதை வாங்க எவ்வளவு ஆகும்?

இலவசம். ராஜா ராம்மோகன் ராய் முகமையின் தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். அதற்குக் காசு கேட்டால் நகர்ந்துவிடுங்கள்.

கே: கிண்டிலில் 70 சதவீத ராயல்டி என்கிறார்களே?

இந்திய விற்பனைக்கு அது வேண்டுமென்றால் கேடிபி செலக்டில், அதாவது மின்னூலை அமேசானுக்கு மட்டுமே கொடுக்கும் திட்டத்தில், சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது, உங்கள் வலைப்பூவில்கூட. இல்லையென்றால் 35 சதவீதம்தான்.

கே: பணம் கட்டிப் புத்தகம் போடலாமா?

முதல் பதிலைப் பாருங்கள்.

கே: அறிவுரை சொல்வது சுலபம். புதியவர்களின் கைப்பிரதியை எந்தப் பதிப்பகமும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. பணம் கட்டாமல் வேறென்ன வழி?

உங்கள் கோபம் நியாயம்தான். பல மாதம் காத்திருந்தும் ஒரு வரி பதில் வராதது அவமானம். அதற்காக நாற்பதாயிரம் கொடுக்க வேண்டியதில்லை. பிஓடியில், அதாவது தேவைப்படும் அளவுக்கு மட்டும் அச்சடிக்கும் முறையில், ஐம்பது பிரதி நீங்களே அச்சடித்து, மெய்ப்புப் பார்க்க ஒருவருக்குக் கூலி கொடுத்தால் உரிமை முழுக்க உங்களிடமே இருக்கும்.

கே: (இடையில் இன்னொருவர்) பிஓடி புத்தகத்தைக் கடைக்காரர் எடுக்க மாட்டாரே!

பெரும்பாலும் எடுக்க மாட்டார், உண்மை. ஒரு பிரதிக்கான அச்சுச் செலவு கூடுதல், அதில் கடைக்கழிவும் போனால் கையில் எதுவும் மிஞ்சாது. அதனால் நேரடியாக வாசகருக்கு அனுப்புங்கள். அந்த ஐம்பதும் தீர்ந்த கதையோடு பதிப்பகத்துக்குப் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

கே: பணம் கட்டினால் சென்னைப் புத்தகக் காட்சியில் வைப்பார்களாமே, கட்டலாமா?

மூன்றாவது முறை. கட்டாதீர்கள்.