போன் பேசிக்கொண்டே பைக் ஓட்டிய மகனுக்கு இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி: என் மகனுக்கு 20 வயது, லைசென்ஸ் இருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் செல்போனைச் செருகிப் பேசியபடி பைக்கில் போனபோது, பக்கத்துத் தெருவிலிருந்து திடீரென்று திரும்பிய கார் மோதிக் கால் முறிந்துவிட்டது. 'போன் பேசிய பையனுக்கு ஒரு பைசா கிடையாது' என்கிறார் காரின் இன்சூரன்ஸ் தரப்பு ஆள். போனே பேசவில்லை என்று சொல்லிவிடலாமா?

பதில்: அதை மட்டும் செய்யாதீர்கள். போன் பேசியதாலேயே இந்த வழக்கு தோற்றுவிடாது; பொய் சொன்னால் தோற்கலாம். அழைப்பு எப்போது தொடங்கியது, எத்தனை விநாடி நீடித்தது என்பதெல்லாம் போன் நிறுவனத்தின் பதிவில் இருக்கும். எதிர்த்தரப்பு, இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் மூலம் அதை வரவழைத்துவிட்டால், அப்புறம் உங்கள் மகன் சொல்லும் உண்மைகளும் எடுபடாது.

வண்டி ஓட்டும்போது கையில் போன் பயன்படுத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஹெல்மெட்டுக்குள் செருகினால் அது 'கையில்' ஆகுமா என்று வாதாட இடமிருக்கிறது. (பையன்கள் இதை ஏதோ பெரிய கண்டுபிடிப்பு போலச் சொல்வார்கள்.) சரி, அது அபராத வழக்குக்கு உதவும் வாதம். இழப்பீட்டு வழக்கில் பார்ப்பது விபத்து யாரால் நடந்தது என்பதைத்தான்.

ஒரே பைக்கில் மூன்று பேர் போன ஒரு வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடிபட்டவர் விதியை மீறினார் என்பது மட்டும் போதாது. அந்த மீறலுக்கும் விபத்துக்கும், அல்லது அதன் பாதிப்புக்கும் தொடர்பு இருந்தால்தான் அவர் மீதும் தவறு உண்டு என்றது. உங்கள் மகனுக்கும் இதே அளவுகோல்தான். போன் இல்லாவிட்டாலும் அந்தக் காரிடமிருந்து தப்பியிருக்க முடியாது என்றால் முழுத் தொகையையும் கேட்கலாம். பேச்சில் கவனம் போய் பிரேக் பிடிக்கத் தாமதித்தார் என்று இன்சூரன்ஸ் தரப்பு நிரூபித்தால், அவர் பங்குத் தவறுக்கு ஏற்ற சதவீதம் கழியும். மொத்தமும் போகாது.

எஃப்.ஐ.ஆரில் பெரும்பாலும் 'சுமார் 6.30 மணி' என்றுதான் எழுதியிருப்பார்கள். அழைப்புப் பதிவோ விநாடிக் கணக்கு. இரண்டையும் வைத்துப் பார்த்தால், மோதிய நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார் என்று நிறுவுவது அவ்வளவு சுலபமில்லை. முதலில் தெருவில் இருக்கும் சிசிடிவி பதிவைக் கேட்டு வாங்குங்கள், சீக்கிரம் அழிந்துவிடும். பிறகு எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்). மகனின் போனில் எதையும் அழிக்க வேண்டாம்.

இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். நீங்கள் குடியிருக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலேயே போடலாம். அதுவரை அந்த இன்சூரன்ஸ் ஆள் நீட்டும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.